மாமா விட்டுச்சென்ற லாங்போர்டை விற்ற அனுபவம்

குளச்சலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஓட்டுச் சாய்ப்பின் கீழ், ஆளைவிட நீளமான பலகை ஒன்று பல வருடங்களாகக் கிடந்தது. வெயில் வந்தால் அம்மா அதை முற்றத்தில் இழுத்துப் போட்டு நெத்திலி காயவைப்பாள். சின்ன வயதில் நான் அதைக் கட்டுமரத்தில் ஒரு துண்டு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது லாங்போர்டு, அதாவது கடலலைமேல் நின்று சறுக்கிப்போகும் நீளப் பலகை. அம்மாவின் அண்ணன் கொண்டுவந்தது. எழுபதுகளில் மாமா கோவளத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தார். மாதக்கணக்கில் அங்கேயே சாப்பிட்ட ஒரு வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது பாக்கிக்கு ஈடாக அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

சென்ற வருடம் மாமாவின் காலத்துக்குப் பிறகு மாமி, "விற்றால் ஏதாவது தேறுமா என்று பார்" என்றார். நாகர்கோவிலில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் புகைப்படத்தைப் பார்த்து 4,000 ரூபாய் சொன்னார். இத்தனை அழுக்கோடு வேறு யார் வாங்குவார்கள் என்று நானும் நினைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நல்ல நீலப் பெயிண்ட் அடித்துவிட்டால் இன்னும் இரண்டாயிரம் கூடக் கிடைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படிச் செய்திருந்தால் அதன் விலையை என் கையாலேயே அழித்திருப்பேன்.

எங்கள் தெருவில் ஃபைபர் படகு செப்பனிடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஜூன், ஜூலை தடைக்காலம் முடிந்து கை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில் அவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் ஐந்து ரூபாய் நாணயத்தால் பலகையின் மூக்கிலிருந்து வால்வரை தட்டிக்கொண்டே போனார். படகின் அடிப்பாகத்தைச் சோதிப்பதும் இப்படித்தான். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்கும். மேலே உள்ள கண்ணாடியிழை உள்ளிருக்கும் நுரையை விட்டுப் பிரிந்த இடத்தில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும். அப்படி இரண்டு இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டார். மூக்கில் மாமா எம்-சீல் வைத்து அடைத்திருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்து, "இதன் வழியாகத் தண்ணீர் குடித்திருக்கிறது மக்களே" என்றார். ஒக்கிப் புயலில் சாய்ப்பின் ஓடுகள் பறந்து இரண்டு வாரம் அது மழையில் நனைந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மீன் எடைபோடும் தராசில் தொங்கவிட்டோம். 17 கிலோ. எம்-சீலைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மூக்கு கீழே வரும்படி நிழலில் சாய்த்து வைத்தோம். முதல் நாள் ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. மூன்று வாரத்தில் எடை 15 கிலோவுக்கு வந்து நின்றது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று கேட்டேன். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, பிரிந்த இடம் இன்னும் பெரிதாகும் என்று தடுத்துவிட்டார்.

மேலே ஒட்டியிருந்தது அழுக்கு மட்டும் இல்லை. கால் வழுக்காமலிருக்கப் பூசும் மெழுகு, அதன்மேல் கருவாட்டு எண்ணெய், அதன்மேல் தூசு. காலை இளவெயிலில் பத்து நிமிடம் வைத்து, காலாவதியான ஏடிஎம் அட்டையால் சுரண்டினால் பாகுபோல் சுருண்டு வந்தது. இரும்புத் தகடு எதையும் தொடவிடவில்லை. மூன்றாம் நாள், மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, கண்ணாடி இழைக்கு அடியில் பதிந்த எழுத்துகள் தெரிந்தன. பாதி அழிந்திருந்தன. 'புரூக்வேல்' என்பதை மட்டும் படிக்க முடிந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஜெல்கோட் அடித்துப் புதுப் படகுபோல ஆக்கித் தருகிறேன்" என்று, ஃபைபர் படகுக்குப் பூசும் மேல்பூச்சைப் பற்றி முதல் நாள் சொன்ன அண்ணன், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

புரூக்வேல் சிட்னியின் வடக்கே உள்ள பகுதி. அறுபதுகளில் பென்னட், கார்டன் வுட்ஸ், டில்லன், கீயோ, மெக்டோனா, வாலஸ் என்று ஆறு புகழ்பெற்ற பலகைப் பட்டறைகள் அங்கே இருந்தன. எங்களுடையது எந்தப் பட்டறையினுடையது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் காலத்தைப் பலகையே சொன்னது. நீளம் 9 அடி 4 அங்குலம். உள்ளே பாலியூரித்தேன் நுரை, நடுவில் தலையிலிருந்து வால்வரை ஓடும் ஸ்டிரிங்கர் என்னும் மெல்லிய மரச்சட்டம். ஐம்பதுகளின் கடைசிவரை பால்சா மரத்தில் செய்ததை நுரைக்கு மாற்றிய பிறகு வந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. அடியில் சுறாவின் முதுகில் நிற்பதுபோல ஒற்றைத் துடுப்பு, கழற்ற முடியாதபடி பலகையோடு சேர்த்தே ஒட்டியது. காலோடு பிணைக்கும் கயிற்றுக்கு வாலில் குழி இல்லை; அந்தக் கயிறு எழுபதுகளின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1967க்குப் பிறகு உலகமெங்கும் பலகைகள் வேகமாகக் குட்டையாகிவிட்டன. எண்பதுகளில் நீளப் பலகை திரும்பி வந்தபோது கயிற்றுக் குழியும் சேர்ந்தே வந்தது. ஆகவே இது அறுபதுகளின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று துணிந்தேன்.

இவ்வளவு பழைய பொருளை விற்றால் சட்டச் சிக்கல் வரும் என்று ஒருவர் பயமுறுத்தினார். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருள்களில் நூறு வருடம் கடந்தவற்றுக்குத்தான் பொருந்தும்.

ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பலாம் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்து வரும் எண் அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். 300, 65, 20 அளவுள்ள பெட்டிக்கு 65 கிலோ கணக்காகிறது. பலகையோ 15 கிலோ. அந்த ஆசையை அதோடு விட்டேன்.

ஒரு தங்கும் விடுதியிலிருந்து 15,000 தருவதாகச் சொன்னார்கள். சுவரில் மாட்ட இரண்டு துளை போடுவோம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் கேரளத்து வர்க்கலையில் அலைச்சறுக்கு கற்றுத்தரும் ஒருவரிடம் பேச்சு கூடிவந்தது. அளவு நாடா வைத்து எடுத்த படங்களை அனுப்பினேன். சாக்பீஸ் வட்டங்களையும் ஓட்டையையும்தான் முதலில் காட்டினேன். பிரிந்த இடங்களைக் கணக்குப்போட்டு 30,000 என்றார். வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்றும் கேட்டார்.

மாமியிடம் விசாரித்தேன். பீரோவிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துவந்தார். கோவளம் கடற்கரை, மாமா மடித்துக்கட்டிய வேட்டியோடு நிற்கிறார், பக்கத்தில் மணலில் குத்தி நிறுத்திய அதே பலகை. பின்புறம் மாமாவின் கையெழுத்தில் 1974 என்று இருந்தது. அந்தப் படம் போனதும் விலை 42,000 ஆனது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

துறைமுகத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் மீன் வண்டி ஒன்றில் இடம் பேசினோம். பகல் சூடு வேண்டாம் என்று இரவில் ஏற்றினோம். பழைய மெத்தை சுற்றி, அதன்மேல் வலை போட்டு அண்ணனே கட்டினார். நீளம், எடை, குறைகள், கோவளத்தில் கைமாறிய விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நாகர்கோவில் ஸ்டூடியோவில் எடுத்த புகைப்பட நகலோடு உறையில் வைத்து வலைக்குள் செருகினேன். அசல் படத்தையும் அனுப்ப முடியுமா என்று வர்க்கலைக்காரர் கேட்டிருந்தார். மாமி அதைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.