பூச்சாறு யார் கண்ணில்?

ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தை மேடையேற்ற உட்காருபவர்கள் முதலில் போட வேண்டியது ஒரு கணக்கு. காட்டின் மாயம், நிலவொளி, தேவதைகளின் இறக்கை எல்லாம் பிறகு. தூங்குபவர் கண்ணில் பிழிந்தால், விழித்ததும் முதலில் காணும் உயிர்மேல் காதல் வரவைக்கும் மந்திரப் பூச்சாறு மொத்தம் எத்தனை முறை, யார் கையால், யார் கண்ணில் விழுகிறது?

ஐந்து முறை. இரண்டாம் அங்கத்தில் தேவதைகளின் ராணி டைட்டானியாவின் கண்ணில் அவள் கணவன், ராஜா ஓபரான் பிழிகிறான். சற்று நேரத்தில் அவன் ஏவலாள் பக், ஹெலனாவை வெறுத்து ஒதுக்கும் டிமிட்ரியஸுக்குப் போட வேண்டியதை, ஆள் மாறி, லைசாண்டரின் கண்ணில் பிழிகிறான். மூன்றாம் அங்கத்தில் டிமிட்ரியஸுக்கு ஓபரானே போடுகிறான். இவை மூன்றும் காதல் மூட்டுபவை. மூன்றாம் அங்கத்தின் முடிவில் லைசாண்டருக்கும், நான்காம் அங்கத்தில் டைட்டானியாவுக்கும் மாற்று மூலிகை. மூன்று வரவு, இரண்டு செலவு. மிச்சம் ஒன்று டிமிட்ரியஸின் கண்ணிலேயே தங்கிவிடுகிறது; நாடகம் முடிந்தும் அதை யாரும் எடுப்பதில்லை.

இந்த ஐந்தையும் பார்வையாளர் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் மூன்றாம் அங்கத்தில் காதலர்கள் போடும் சண்டை வெறும் கூச்சலாகிவிடும். பெரும்பாலும் தவறுவது நான்காவது. லைசாண்டர், டிமிட்ரியஸ், ஹெர்மியா, ஹெலனா நால்வரும் ஓடிக் களைத்து விழுந்து கிடக்கும்போது, இருட்டில், பக் அவசரமாகக் குனிந்து போட்டுவிட்டுப் போய்விடுவான். பின்வரிசையில் இருப்பவருக்கு அது யார் கண்ணில் விழுந்தது என்றே தெரியாது. படுத்திருப்பவரின் பாதம் சபையை நோக்கி இருந்தால் முகமே தெரியாது. மேடைக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் அரை அடி உயரத்துக்கு வேரோ மேடோ கொடுத்தால் இமை தெரியும். உண்மையான திரவம் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போட்ட நடிகர் கண்ணில் ஜிகினாத் துகள் விழுந்தால் அடுத்த காட்சி போச்சு. இமைக்கு ஒரு சாண் மேலே கை பிழியட்டும். ஒரு மணியோசையும் சிறிய ஒளிமாற்றமும் மீதியைச் சொல்லிவிடும். ஐந்து முறையும் ஒரே ஓசைதான் வேண்டும். மாற்று மூலிகைக்கு மட்டும் சுரம் இறங்கி ஒலிக்கலாம். இசையமைப்பாளர் அழகுக்காக ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று போட்டால் கணக்கு குழம்பும்.

1970-இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபர்டில் இயக்குநர் பீட்டர் புரூக் இதை அணுகிய விதம் இன்றும் பாடம். காடே இல்லை. ஸாலி ஜேக்கப்ஸ் வடிவமைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று, ஊஞ்சல் கட்டைகள், எங்கும் முழு வெளிச்சம். பூவுக்குப் பதில் கோல்மேல் சுழலும் வெள்ளித் தட்டு. அது ஒருவர் கோலிலிருந்து இன்னொருவர் கோலுக்குத் தாவும்போது சபையின் மொத்தக் கண்ணும் அதன்மேல்தான். மந்திரம் எங்கே இருக்கிறது, யாரிடம் போகிறது என்பதில் ஐயமே இல்லை. அதற்கு முந்தைய தலைமுறைகள் நிஜக் காட்டைக் கொண்டுவரப் பாடுபட்டன. பீர்போம் ட்ரீயின் லண்டன் மேடையில் உயிருள்ள முயல்களே திரிந்தன. முயல் மேடையில் இருக்கும்போது வசனத்தை யார் கேட்பார்கள்?

பக் ஏன் ஆள் மாறிப் போனான் என்பதற்கு நாடகத்திலேயே இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று உடை: ஏதென்ஸ் உடை போட்டவன் என்பதுதான் அவனுக்குத் தரப்பட்ட ஒரே அடையாளம். இரண்டாவது, இடைவெளி. கூச்சம் கருதி ஹெர்மியா தன் காதலன் லைசாண்டரைத் தள்ளிப் படுக்கச் சொல்கிறாள். பக் வந்து முதலில் உடையைப் பார்க்கிறான், பிறகு பெண்ணைப் பார்க்கிறான், பிறகு நடுவில் உள்ள தூரத்தைப் பார்க்கிறான். ‘இவளை வெறுத்து ஒதுக்குகிற பயல் இவன்தான்’ என்று முடிவு கட்டுகிறான். சின்ன மேடையில் இருவரையும் இரண்டடி இடைவெளியில் படுக்க வைத்தால் பக் முட்டாளாகத் தெரிவான். ஆறேழு அடியாவது வேண்டும். அவன் அதை நடந்து கடக்க வேண்டும்.

உடையிலும் ஒரு சிக்கல். பக்குக்கு லைசாண்டரும் டிமிட்ரியஸும் ஒன்றாகத் தெரிய வேண்டும், பார்வையாளருக்கு அப்படித் தெரியக் கூடாது. ஒரே வெட்டு, வேறு நிறம் என்பது வழக்கமான தீர்வு. ஆனால் நிலவுக்காக விளக்கின் முன் ஆழ்ந்த நீல ஜெல் (வண்ணத் தாள்) போட்டதும் சிவப்புச் சட்டை கறுத்துவிடும். பச்சையும் பழுப்பும் ஒன்றாகிவிடும். நிறத்தை நம்பாமல் ஒருவருக்கு வெளிர், ஒருவருக்கு அடர் என்று பிரித்தால் எந்த விளக்கிலும் நிற்கும். துணி தைக்கும் முன்பே ஒரு முழத் துண்டை அந்த விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பது நல்லது.

புகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தரையோடு தவழும் மூடுபனிக்கு டிரை ஐஸ் போட ஆசை வரும். அது விடுவது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது, தாழ்வில் தேங்கும். இந்த நாடகத்தில் நான்கு பேர் தரையில் மூக்கை வைத்துக் கிடக்கிறார்கள், அதுவும் நெடுநேரம். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 ஃபோலியோப் பதிப்பு ‘அவர்கள் அங்க இடைவெளி முழுக்கத் தூங்குகிறார்கள்’ என்றே குறிப்பு தருகிறது. நான்காம் அங்கத்தில் வேட்டைக் கொம்பு ஊதி அவர்களை எழுப்ப இன்னும் சுமார் 140 வரி ஆகும். அங்கே டிரை ஐஸ் கூடவே கூடாது.

மயக்கத்தை நடிப்பது இன்னொரு வம்பு. சாறு விழுந்த லைசாண்டரைப் போதையில் தள்ளாடுபவனாக நடிக்கத்தான் இளம் நடிகர்கள் முதலில் முனைவார்கள். வசனம் அதற்கு நேர் எதிர். ‘மனிதனின் விருப்பத்தை ஆள்வது அறிவு, நீயே மேலானவள் என்று என் அறிவு சொல்கிறது’ என்று ஹெலனாவிடம் வழக்கறிஞர் போல் வாதாடுகிறான். அறிவு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். தெளிவாக, நிதானமாகச் சொன்னால்தான் சபை சிரிக்கும். அதோடு அவன் விழிக்கும் முதல் வரி, ஹெலனா அவனை எழுப்பும் வரிக்கு இயைபாக முடிகிறது. அவள் பாதி ஈரடியைச் சொல்ல, இவன் மீதியைச் சொல்லி முடிக்கிறான். கண்ணைத் தேய்த்து, கொட்டாவி விட்டு, சுற்றிப் பார்த்துப் பேசினால் இயைபு அறுந்துபோகும், சிரிப்பும் போகும். இமை திறப்பதும் சொல் பிறப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும்.

கழுதைத் தலைக்கு வருவோம். காட்டில் நாடக ஒத்திகை பார்க்கும் கைவினைஞர்களில் ஒருவன் பாட்டம் என்ற நெசவாளி; பக் அவன் தலையைக் கழுதைத் தலையாக்க, சாறு விழுந்த டைட்டானியா விழித்து அவன்மேல் காதல் கொள்கிறாள். பாட்டம் மேடையை விட்டுப் போய் தலையோடு திரும்ப ஏறக்குறைய 15 வரிதான் அவகாசம். முழுத்தலை என்றால் குரல் உள்ளேயே அடைபடும், காதும் கேட்காது. காதுகளும் மூக்கின் மேற்பாதியும் உள்ள தொப்பி போதும். வாயும் தாடையும் நடிகருடையதாகவே இருக்கட்டும். மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் சோதனை. நான்காம் அங்கத்தில் தூங்குகிறவர் தலையிலிருந்து பக் அதைச் சபை முன்னால் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். தாடைக்கு அடியில் முடிச்சு என்றால் மாட்டிக்கொள்வார்கள். வெல்க்ரோ பட்டை உத்தமம். ஒத்திகையின் முதல் வாரத்திலேயே ஒரு மாதிரித் தலையைக் கொடுத்துவிட வேண்டும். காது எவ்வளவு உயரம் என்று பழகாத நடிகர் டைட்டானியாவின் முகத்தில் இடித்துவிடுவார்.

ஒன்றை மறக்கக் கூடாது: பாட்டத்தின் கண்ணில் யாரும் எதையும் பிழியவில்லை. தலை மாறியதே தவிர ஆள் மாறவில்லை. இந்தக் காலத்தில் காதலும் அறிவும் அவ்வளவாகச் சேர்ந்து நடப்பதில்லை என்று ராணியிடமே சொல்லும் அளவுக்கு நெசவாளி நிதானமாக இருக்கிறான்.

ஏதென்ஸை ஆளும் தீசியஸ்-ஓபரான், தீசியஸை மணக்கும் ஹிப்பாலிட்டா-டைட்டானியா என்ற இரட்டை வேடங்களை ஒரே இருவர் தாங்குவது இன்று பரவலாகிவிட்டது. புரூக்கும் அப்படித்தான் செய்தார். ஐந்தாம் அங்க முடிவில் பக்கின் 20 வரி உடை மாற்றக் கிடைக்கும். நான்காம் அங்கத்தில் அதுவும் இல்லை: தேவதை ராஜா ராணி பறந்து போன கையோடு தீசியஸின் வேட்டைக் கொம்பு ஊதுகிறது. ஒரு மேலங்கியைப் போடுவதற்கு மேல் அங்கே எதையும் திட்டமிட முடியாது.

ஐந்தாம் அங்கத்தில் ஹெர்மியாவுக்கும் ஹெலனாவுக்கும் ஒரு வரிகூட வசனம் இல்லை. கைவினைஞர்களின் நாடகத்தை ஆண்கள் கிண்டலடித்துக்கொண்டே இருக்க, இந்த இரு பெண்களும் பேசாமல் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் எங்கோ உட்கார வைத்தால் இருவரும் மேடைச் சாமான் ஆகிவிடுவார்கள். நன்றாகத் தெரியும் இடத்தில், டிமிட்ரியஸ் ஹெலனாவின் வலப்பக்கமா இடப்பக்கமா, அவன் சிரிக்கும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாளா மேடையைப் பார்க்கிறாளா என்பதை ஒத்திகையில் முடிவு செய்து, பிராம்ப்ட் புத்தகத்தில் (மேடைக் குறிப்புகள் எழுதும் வசனப் பிரதியில்) வரிக்கு நேரே பென்சிலால் எழுதி வைக்க வேண்டும்.