கிளஸ்டர் அறைக் குறிப்புகள்: உதகை, ஜூலை

ஜூலை 9

பல கணினிகளை இணைத்து ஒன்றாகக் கணக்கிட வைக்கும் எங்கள் கிளஸ்டரைப் பற்றி இரவு ஒன்றரை மணிக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, ரெண்டாவது ஸ்டோரேஜ் சர்வர் போயிடுச்சு. முதல் சர்வர் நல்லாத்தான் இருக்கு, ஆனா டிஸ்க்கை எடுத்துக்க மாட்டேங்குது" என்றான். காற்றில் ஒரு கற்பூர மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து மின்சாரம் நின்று வந்ததில், ஒரு ரேக்கின் யுபிஎஸ் அணைந்துவிட்டது. இரண்டாவது சர்வரின் இரண்டு பவர் கார்டுகளும் அந்த ஒரே யுபிஎஸ்ஸில் செருகப்பட்டிருந்தன. அது என் தவறு.

இரு சர்வர்களும் ஒரே வட்டுப்பெட்டியைப் பகிர்கின்றன. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் தரவு சிதைந்துவிடும். ஆகவே சர்வர்களைக் கண்காணிக்கும் பேஸ்மேக்கர் மென்பொருள், பேச்சு நின்றுபோன சர்வரை முதலில் மின்சாரத்திலிருந்து வெட்டி, வெட்டுப்பட்டது உறுதியான பிறகே மற்றதிடம் வட்டை ஒப்படைக்கிறது. இதைத்தான் ஃபென்சிங் என்கிறோம். வெட்டும் கட்டளை, சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த உதவும் ஐபிஎம்ஐ வழியாக அந்த சர்வரின் பலகையிலேயே உள்ள கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் போகிறது. சர்வருக்கு மின்சாரமே இல்லையென்றால் அந்தச் சில்லும் பதில் தராது. நெட்வொர்க் கம்பி அறுந்தாலும் இதே மௌனம்தான் கிடைக்கும் என்பதால், பதில் வராததை மட்டும் வைத்து அந்த சர்வர் நின்றுவிட்டதாகப் பேஸ்மேக்கர் முடிவு செய்வதில்லை. முதல் சர்வர் காத்திருந்தது சரியான நடத்தை.

ஃபென்சிங்கை அணைத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். நான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேத்தியிலிருந்து மூடுபனியில் வண்டியை மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தேன். இரண்டு கார்டுகளையும் என் கையால் உருவி, விளக்குகள் அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, அந்த சர்வர் நின்றுவிட்டது என்று உறுதிசெய்யும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் முதல் சர்வர் வட்டை ஏற்றது. கணக்கிடும் கணினிகளான கணுக்கள், வட்டு திரும்ப வரும்வரை விடாமல் காத்திருக்கும் என்எஃப்எஸ் ஹார்ட் மவுண்ட் இணைப்பில் இருந்ததால், அதுவரை காத்திருந்த வேலைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

ஜூலை 11

கார்டுகளை இரு யுபிஎஸ்களுக்கும் பிரித்துச் செருகினோம். ஐபிஎம்ஐ தோற்றால் இரண்டாம் படியாக, கட்டளைக்கு அணையும் பவர் ஸ்ட்ரிப்களைச் சேர்த்தேன். ஒரு சர்வருக்குரிய இரண்டு துளைகளும் அணைந்த பிறகே ஏதாவது ஒன்று திரும்ப எரிய வேண்டும். ஒன்றை அணைத்து, ஏற்றி, பிறகு மற்றதை அணைத்தால் சர்வர் ஒரு கணமும் நிற்காது, ஆனால் வெட்டியாயிற்று என்ற பதில் மட்டும் வந்துவிடும். பகலில் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கி, இரு படிகளையும் சோதித்தோம்.

ஜூலை 16

11ஆம் கணுவில் நினைவகப் பிழைகள் கூடுகின்றன. நினைவகத்தின் பிழைதிருத்தும் ஏற்பாடான இசிசி ஒற்றை பிட் பிழையைத் தானே திருத்திவிடும், இரண்டு பிட் பிழையைக் கண்டறிய மட்டுமே அதனால் முடியும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட அண்டக் கதிர்களின் துகள்கள் பிட்டுகளைப் புரட்டும் வாய்ப்பும் கூடும் (அண்டக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 இதே ஊரில்தான் இருக்கிறது). ஆனால் அப்படிப்பட்ட பிழைகள் எல்லா நினைவகப் பட்டைகளிலும் சிதறி விழும். இவையோ பட்டை செருகும் ஒரே துளையிலிருந்து வருகின்றன.

கணுவை உடனே நிறுத்தவில்லை. கணுக்களுக்கு வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் ஸ்லர்ம் மென்பொருளில் அதை டிரெயின் நிலைக்கு மாற்றி, காரணத்தையும் பதிந்தேன். ஓடும் வேலை முடியலாம், புதியது வராது. 2009 நவம்பர் மண்சரிவுகளின் மழைத் தரவை வைத்துச் சரிவுகளின் உறுதியைக் கணக்கிடும் மாணவியின் வேலை அதில் ஓடுகிறது. இதுவரை வந்தவை எல்லாம் திருத்தப்பட்ட பிழைகள் என்பதால்தான் அதை ஓட விட்டிருக்கிறேன். திருத்த முடியாத பிழை ஒன்று வந்தாலும் வேலையை நிறுத்தி மறுபடி தொடங்குவோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கின் விடை பிசகக் கூடாது.

ஜூலை 19

வேலை நல்லபடியாக முடிந்தது. சந்தேகப்பட்ட பட்டையை வேறு துளைக்கு மாற்றினேன். பிழையும் கூடவே நகர்ந்தது. துளை நல்லது, பட்டைதான் பழுது. மாற்றுப் பட்டையைப் பொருத்தி, இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓட விட்டேன்.

ஜூலை 20

சோதனையில் ஒரு பிழையும் இல்லை. தம்பி மீட்டுவிடலாம் என்றான். கணக்கிடும் வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையை ஓட்டியபோது இந்தக் கணு பக்கத்துக் கணுவைவிட வேகம் குறைந்து நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால், காற்றைச் செயலிகளுக்குத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் கூடு ஒரு முனையில் தூக்கியிருந்தது. நேற்று நான் அதைச் சரியாக அழுத்தவில்லை. சூடேறிய செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே குளிராக இருந்தாலும் இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதே விசிறி குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் உச்ச வெப்பநிலையை 1 டிகிரி குறைக்கும்படி குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே சொல்வதும் அதனால்தான். கூட்டை அழுத்திப் பொருத்தியதும் வேகம் சமமானது.

மாலையில் கணுவுக்கு மறுபடி வேலைகள் வரும்படி ரெஸ்யூம் கட்டளையைக் கொடுத்தேன். கழற்றிய பட்டையில் கணு எண், துளை எண், தேதி எழுதிய சீட்டை ஒட்டித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உதிரி என்று நினைத்து யாரும் அதை எடுத்து மறுபடி செருகிவிடக் கூடாது.