தண்ணீர் போலத்தான் இருக்கும்

லேப் வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ரத்தமும் சிறுநீரும் சளியும் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஆனால் வார்டிலிருந்து யாராவது சின்னக் குப்பிகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தால், செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். முதுகுத்தண்டில் எடுத்த நீர். சி.எஸ்.எஃப். என்போம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் இந்த நீர், பெரியவர்களுக்கே மொத்தம் சுமார் 150 மி.லி.தான். நல்ல நிலையில் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். குப்பிக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்துப் பார்ப்பேன். எழுத்து மங்கித் தெரிந்தால் மனது பதறும். காசநோய் மூளைக்காய்ச்சலில் தெளிவாக வந்த நீர்கூட, அசைக்காமல் வைத்தால் சிலந்தி வலை போல மெல்லிசாக உறையலாம்.

மூட்டு நீர் இதற்கு நேர்மாறு. முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக இருக்க வேண்டும்; ஊசி முனையிலிருந்து சொட்டவிட்டால் நூலாக நீளும். அது தண்ணீர் மாதிரி சொட்டினால்தான் அழற்சியோ என்று சந்தேகம் வரும்.

முதுகுத்தண்டு நீரை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் அணுக்கள் சிதையும், சர்க்கரை அளவும் இறங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், ஒரு குழந்தைக்கு எடுத்ததை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருந்து காலையில் என்னிடம் கொடுத்தார்கள். சிறுநீரை வைப்பது போல வைத்துவிட்டார்கள். அணுக்களை எண்ணி நம்ப முடியாது. குளிரில் சில கிருமிகள் செத்துவிடும் என்பதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் உதவாது. குழந்தையை மறுபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறால் போல வளைத்துப் பிடித்து ஊசி போட்டார்கள். குப்பியை வாங்க நானே போயிருந்தேன். "நேத்துதானே தம்பி எடுத்தாங்க?" என்று அதன் அம்மா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால்தான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லித் தருகிறேன். போன வாரம் சிவப்பாக ஒன்று வந்தது. மூன்று குப்பிகளையும் எடுத்த வரிசைப்படி ஸ்டாண்டில் வைக்கச் சொன்னேன். மூன்றும் ஒரே சிவப்பாக இருந்தால் மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம். பயிற்சிக்கு வந்திருந்த பெண் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"மூணாவது தெளிஞ்சிருக்கு சார். ஊசி பட்ட ரத்தமாத்தான் இருக்கும்."

"சரிம்மா, டாக்டருக்கு உடனே போன் போடு" என்றேன். அவள் பேசி முடிப்பதற்குள் மூன்றாவது குப்பியிலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தேன்.