தீர்த்தமலையும் அரூர்ச் சீமையும்

சிவன் கோயில் கொண்டிருக்கும் தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் அனுமன்தீர்த்தத்தில் நீராடிய பிறகே மலையேற வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் மாறாத வழக்கம். ஆகவே தர்மபுரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரூரில் இறங்கிய நானும் அத்தையும், மலைக்குப் போகும் பேருந்து கண்ணெதிரே நின்றிருந்தும் அதை விட்டுவிட்டு, ஊத்தங்கரைச் சாலையில் போகும் பேருந்தில் ஏறினோம்.

மாசி மாதமாதலால், அனுமன்தீர்த்தத்தின் வழியே ஓடும் தென்பெண்ணையில் நீரைவிட மணலே அதிகம் தெரிந்தது. கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் பிறந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து, காவேரிப்பட்டணத்து வயல்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய நீரைத்தான் இந்த ஆறு இங்கே கொண்டுவருகிறது. அதையும் வாங்கிக்கொள்ளக் கீழே சாத்தனூர் அணை இருக்கிறது. முழுகுவதற்கு ஆழம் இல்லாததால், அத்தை பாறை ஓரத்தில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். "ஆடிப் பதினெட்டுக்கு வந்தா நிக்க எடமிருக்காதுப்பா, இப்ப பாரு, ஆறே நமக்குத்தான்" என்றார்.

இராவணனை வதம் செய்து திரும்பிய இராமபிரான் சிவபூசை செய்ய விரும்பி, காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்பதும், அனுமன் வரத் தாமதமானதால் அம்பெய்து மலைப்பாறையிலேயே நீரை வரவழைத்தார் என்பதும், பிந்தி வந்த அனுமன் தான் கொண்டுவந்த தீர்த்தத்தை வீசியெறிய, அது விழுந்த இடமே அனுமன்தீர்த்தம் என்பதும் தலபுராணச் செய்தி. அனுமன்தீர்த்தம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தீர்த்தமலை தர்மபுரி மாவட்டத்திலும் இருக்கின்றன. சேலத்திலிருந்து 1965-இல் தர்மபுரியும், தர்மபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரியும் பிரிந்ததெல்லாம் அத்தைக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு இது முழுவதும் அரூர்ச் சீமைதான்.

அந்தச் சீமையின் நில அமைப்பைப் பேருந்துச் சன்னலிலிருந்தே படித்துவிடலாம். ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் சேர்வராயன் மலை. சேர்வராயனில் பிறக்கும் வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்து நிலங்களைத் தொட்டுக்கொண்டு வந்து தென்பெண்ணையில் சேர்கிறது. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மஞ்சளும் கரும்பும், மற்ற இடங்களில் குச்சிக்கிழங்கும் கேழ்வரகும் சாமையும், வரப்போரங்களில் புளியமரங்களும் கண்ணில் பட்டன. கரும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தகடூர் நினைவு வரும். தகடூர் என்பது தர்மபுரியின் பழம்பெயர். அதனை ஆண்ட அதியமானின் முன்னோர், கிடைத்தற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் பாடுகிறார். நெல்லிக்கனியைச் சொல்லும் அளவுக்கு இந்தக் கரும்பை யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

உழவர் வரலாற்றில் இப்பகுதிக்கு வேறோர் இடமும் உண்டு. 1792-இல் இப்பகுதி அடங்கிய பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, இங்கே பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும், இடைத்தரகர் இல்லாமல் உழவனிடமே நேராக வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை அதுதான்.

மலைக்குத் திரும்பும் வழியில் அத்தை ஓரிடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய பலகைக்கல் ஒன்று நின்றிருந்தது. ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அருகே குனிந்து பார்த்தால், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் வில்லேந்திய கையும் மடங்கிய காலும் தட்டுப்படுகின்றன. அது ஒரு நடுகல். அரூர், செங்கம் வட்டாரங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்திருக்கின்றன. ஆநிரையைத் 'தொறு' என்று குறிக்கும் வட்டெழுத்து வாசகங்கள், மாடுகளை மீட்கப் போய் மாண்டவனின் பெயரையும் ஊரையும் சொல்கின்றன. மாட்டுக்காக உயிர்விட்டவனுக்கே இன்றும் மாடு வைத்திருப்பவர்கள் பொங்கலிடுகிறார்கள். அத்தை கற்பூரம் ஏற்றினார். நான் எழுத்து ஏதும் தெரிகிறதா என்று தேடினேன். மஞ்சள் கனமாக அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

அடிவாரத்தில் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். படியேறும்போது என் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு பறித்துக்கொண்டது. அது அனுமனுக்குப் போன நிவேதனம் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது. தீர்த்தகிரீசுவரரையும் வடிவாம்பிகையையும் தரிசித்த பிறகு, அகத்தியர், குமாரர், கௌரி, அக்கினி தீர்த்தங்களில் இருந்த அளவுக்குத் தெளித்துக்கொண்டு இராமர் தீர்த்தத்துக்கு வந்தோம்.

சுமார் 30 அடி உயரத்திலிருந்து பாறை முகத்தில் இறங்குகிற அந்த நீர், அன்று அருவியாக இல்லை. நூல் திரிபோல ஒரு கோடும், பாசியில் இருந்து தனித்தனியாகச் சொட்டும் துளிகளுமாகத்தான் இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெண், பாறையோடு ஒட்டிப் பிடித்த பித்தளைச் செம்பு நிரம்பும் வரை கையை எடுக்கவே இல்லை. வரிசையில் யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை. கீழே கிணறுகள் இறங்கிப்போயிருக்கும் காலத்தில், மேலே வெறும் பாறை இப்படிக் கசிந்துகொண்டிருப்பதற்கு நிலவியலார் கூறக்கூடிய காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் அந்தத் துளி உச்சந்தலையில் விழுந்தபோது என் கைகள் தாமாகவே குவிந்தன.

அத்தை இரண்டு பாட்டில்களில் தீர்த்தம் பிடித்தார். ஒன்று பூசை அறைக்கு. மற்றொன்றை, அன்று மாலை ஊருக்குத் திரும்பியதும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குப் போய், எட்டிப்பார்த்தால் அடிப்பாறை தெரிகிற எங்கள் கிணற்றில் ஊற்றினார்.