மொந்த்ரோவில் ஒரு குளிர்ந்த அறையும் ‘மெஷின் ஹெட்’டும்

நேற்று இரவுதான் ஜெனீவா திரும்பினேன். மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. காரணம் மொந்த்ரோவில் நாங்கள் தங்கிய அறை. ஓர் இரவுக்கு 140 பிராங்க். நம் கணக்கில் ஏறத்தாழ பதினைந்தாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு ஜன்னலடியில் ஒரு ஹீட்டர் இருந்தது. அதன்மேல் கையை வைத்தால் எப்போதோ ஆறிப்போன காப்பி டம்ளரைத் தொட்டதுபோல இருந்தது. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது “கொஞ்ச நேரத்தில் சூடேறிவிடும்” என்றார். அதன்பிறகு அழைத்தால் எடுக்கவே இல்லை. கோட்டு, காலுறை, கம்பளித் தொப்பி எல்லாவற்றோடும் படுத்தோம். டிசம்பரில் ஏரிக்கரை முழுக்கக் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் ஊர் அது; அந்த வாரத்தில் வேறு அறை கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு விருந்தாளியை விறைக்க விடுவது அநியாயம்.

ஆனாலும் டிசம்பரில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். இங்கிலாந்தின் ராக் குழுவான டீப் பர்ப்பிள் ‘மெஷின் ஹெட்’ இசைத்தட்டைப் பதிவு செய்தது 1971 டிசம்பரில், இந்த ஊரில். அலுவலக வேலையாக ஜெனீவா வரை வந்துவிட்டு, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்த இடத்தைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. லோசானில் படிக்கும் தம்பியையும் இழுத்துக்கொண்டேன்.

இந்த ஆல்பம் எனக்குக் கல்லூரி விடுதியில் கிடைத்தது. யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட். ஏ, பி என்ற எழுத்துகளைப் பக்கம் மாற்றி ஒட்டியிருந்தார்கள். அதனால் ஆல்பம் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டில் தொடங்கி ‘நெவர் பிஃபோர்’ பாட்டில் முடிகிறது என்றே பல வருடங்கள் நம்பியிருந்தேன். சரியான வரிசையில் ‘ஹைவே ஸ்டார்’ முதலில் வந்து மோதிய அன்று, அதே ஏழு பாட்டுகளும் புதிதாகத் தெரிந்தன.

போகிறவர்களுக்கு உதவும்படி ரயில், தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ரயிலை முடித்துவிடுகிறேன்: ஜெனீவாவிலிருந்து வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஏரி கூடவே வரும். சலுகை விலை டிக்கெட்டைச் சில நாட்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் வாங்கினால் ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக் காசு போய்விடும்.

இறங்கியதும் நேராகக் காசினோவுக்குப் போனோம். இப்போது நிற்பது 1975இல் திறந்த கட்டடம். பழையது 1971 டிசம்பர் 4 அன்று எரிந்துபோனது. ஆல்பத்தின் பதிவு அந்தப் பழைய கட்டடத்தில்தான் நடப்பதாக இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவுக்கூட லாரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டீப் பர்ப்பிள் வந்து காத்திருந்தது. அன்று அமெரிக்க ராக் இசைக்கலைஞர் பிராங்க் சாப்பாவின் கச்சேரி. அது முடிந்தால் இடம் இவர்களுக்கு. கூட்டத்தில் யாரோ ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரை நோக்கிச் சுட, கட்டடமே பற்றிக்கொண்டது. உயிரிழப்பு இல்லை. மொந்த்ரோ ஜாஸ் விழாவை 1967இல் தொடங்கிய கிளோட் நோப்ஸ் உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துப் போட்டார். இசைக் குழுவினர் சற்றுத் தள்ளி நின்று, புகை ஏரியின்மேல் படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாட்கள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது பேஸ் கிடார் வாசிக்கும் ரோஜர் குளோவரின் வாயில் வந்த சொற்கள்தாம் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’, அதாவது ‘தண்ணீரின்மேல் புகை’ என்ற பாட்டின் தலைப்பு.

எங்களுக்கும் அந்தக் காட்சி பாதி கிடைத்தது. மாலை நான்கரைக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. ஏரியின்மேல் வெண்பனி ஒரு பட்டையாகக் கிடக்க, எதிர்க்கரை மலைகளுக்கு அடிவாரமே இல்லாததுபோல் தெரிந்தது. தம்பி பேசாமல் நின்றான்.

கரையில் குவீன் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி சிலைக்கு முன்னால் நல்ல கூட்டம். கையை உயர்த்தி எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருகிலேயே டீப் பர்ப்பிளுக்கும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் புகழ்பெற்ற கிடார்த் தொடரைச் சுரக் குறிகளாகவே அமைத்திருக்கிறார்கள். நாங்கள் நின்ற பத்து நிமிடத்தில் அதன் பக்கம் வந்தவர் ஒரே ஒருவர். எனக்கு வருத்தமாக இருந்தது.

“அக்கா, கிடார் வாங்கிய ஒவ்வொருவரும் முதல் நாளே வாசித்து அதைத் தேய்த்துவிட்டார்கள். இன்னும் கேட்க அதில் என்ன இருக்கிறது?” என்றான் தம்பி.

“வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒற்றைத் தந்தியில் வாசிக்கிறார்கள்டா. குழுவின் கிடார்க் கலைஞர் ரிட்சி பிளாக்மோர் இரண்டு தந்திகளை விரலால் சேர்த்துச் சுண்டுகிறார்” என்றேன்.

வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த பையன், அவன் மொழியிலேயே சொன்னேன். ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், நடுவில் ஒரு முறை தொட்டுவிட்டுப் போகும் பிரதி மத்தியமம். இவ்வளவுதான் சுரங்கள். ஒவ்வொரு சுரத்தோடும் ச-வுக்கும் சுத்த ம-வுக்கும் உள்ள அதே இடைவெளியில் இன்னொரு சுரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன்மேல் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாகச் செலுத்தி அதே தொடரை வாசிக்கிறார். கிடாரா ஆர்கனா என்று பிரிக்க முடியாத கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது.

சாப்பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். சந்தையில் ஒரு மரக்குடிலில் ராக்லெட் சாப்பிட்டோம். பாதிச் சக்கரப் பாலாடைக்கட்டியை நெருப்புக் கம்பிக்கு அடியில் வைக்கிறார்கள். மேல்பரப்பு கொப்பளித்து ஓரம் பழுப்பாக முறுகும்போது, அகலக் கத்தியால் ஒரே இழுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் வழித்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஊறிய வெள்ளரியும் சின்ன வெங்காயமும். மிளகை நாமே தூவிக்கொள்ளலாம். நெய்யில் முறுகிய தோசை ஓரத்தின் ருசி அந்த விளிம்பில் இருந்தது. தட்டு 13 பிராங்க். ஆளுக்கொன்று வாங்கி, பிறகு ஒன்றைப் பங்கு போட்டோம். மூன்று தட்டுக்கு 39 பிராங்க், பயணத்தில் வருத்தப்படாமல் நான் செலவழித்த ஒரே தொகை.

தீக்குப் பிறகு குழுவினருக்கு நோப்ஸ் ‘பெவிலியன்’ என்ற அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே இரவில் அவர்கள் வாசித்த சத்தத்தில் ஊர் தூங்க முடியாமல் போலீசைக் கூப்பிட்டது. போலீசார் கதவைத் தட்ட, உதவியாளர்கள் உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொள்ள, ஒரு பாட்டின் இசைப் பகுதி மட்டும் முழுதாகப் பதிவாகியது. அதுதான் பின்னாளில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஆனது. ஆல்பத்துக்கு நேரம் போதவில்லை என்ற நிலையில்தான் அதை எடுத்து வரிகள் சேர்த்தார்கள். அந்தப் பாட்டில் டிரம்ஸைச் சுற்றிப் பெரிய கூடத்தின் காற்று இருப்பதாக என் காதுக்குப் படும். மற்ற ஆறு பாட்டுகளில் அது இல்லை.

அந்த ஆறும் பிறந்தது ‘தெரிதே’ என்ற பகுதியில் இருந்த கிராண்ட் ஹோட்டலில். காசினோவிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு; 201ஆம் எண் டிராலி பஸ் போகிறது. இந்த வட்டாரத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு உள்ளூர் பஸ்ஸில் இலவசமாகப் போக ஒரு அட்டை உண்டு. தங்கும் வரி கட்டுகிறோமே, அதற்காகத் தருவது. எங்கள் உரிமையாளர் வரியை வாங்கிக்கொண்டார், அட்டையைத் தரவில்லை. கேட்டுப் பெறவேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தபோது பஸ்ஸுக்குக் காசு கொடுத்து முடித்திருந்தோம். நீங்கள் சாவியை வாங்கும்போதே அட்டையைக் கேளுங்கள்.

அந்தக் கிராண்ட் ஹோட்டல் இப்போது குடியிருப்பு. உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று நீண்ட முகப்பையும் பால்கனி வரிசைகளையும் பார்த்தோம். 1971இல் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த ஹோட்டல் இது. கீழ்த்தளத் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி ஒலியைத் தடுத்து, அங்கேயே கருவிகளை வைத்தார்கள். பதிவு லாரி வெளியே. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறைகள், பால்கனிகள், வாசல் என்று குளிரில் சுற்றி லாரிக்குப் போகவேண்டும். சில நாட்களில் அதையே விட்டுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச் சரி என்றால் சரி. டிசம்பர் 21க்குள் வேலை முடிந்தது.

இந்த ஆல்பம் ஐம்பது வருடங்களைத் தாண்டியும் பழசாகாமல் இருப்பதற்கு அந்தத் தாழ்வாரமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்டுக் கேட்டுத் திருத்த வழியில்லை. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தே ஆகவேண்டும். ‘மேபி ஐ’ம் எ லியோ’வில் கிடார்த் தொடர் முதல் தட்டை விட்டுவிட்டுத் தொடங்குகிறது, அந்த வெற்றிடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸின் தட்டு கனமாக விழுகிறது. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ நடுவில் எல்லோரும் ஒதுங்கி பேஸுக்கு வழிவிடுகிறார்கள். பாடகர் இயன் கில்லன் அலறவேண்டிய இடத்தில் மட்டும் அலறுகிறார். மொத்தம் 37 நிமிடம், அதில் உபரியாக ஒரு நிமிடம்கூட இல்லை. அந்தக் காலத்து ஹார்ட் ராக் ஆல்பங்கள் பலவற்றை இன்று நடுவில் ஓரிரு பாட்டுகளைத் தாண்டித்தான் கேட்கிறேன். இதில் என் விரல் பொத்தான் பக்கம் போனதே இல்லை. 2024இல் இதைப் புதிதாக ஒலிக்கலவை செய்தவர் டுவீசில் சாப்பா. அன்று கச்சேரி நடத்திய பிராங்க் சாப்பாவின் மகன். இந்தச் செய்தியைத் தம்பியிடம் சொன்னபோது இரண்டாம் முறையாகப் பேச்சிழந்தான்.

ஒரு ஜோடி இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, அந்தக் கட்டடத்தைப் பார்த்தபடி முதல் பக்கத்தை முழுதாகக் கேட்டோம். முந்தின இரவின் குளிர் எலும்பில் மிச்சமிருந்தது. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டில் வரும் பனிமலைத் தனிமை அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ‘நெவர் பிஃபோர்’ முடிந்ததும் 201 வந்து நின்றது.

“அக்கா, பஸ் வேண்டாம். இரண்டாம் பக்கத்தை நடந்துகொண்டே கேட்போம்” என்றான்.

நான்கு காலும் ஒரே தாளத்தில் வைத்தால்தான் ஒயர் காதிலிருந்து கழலாது. ஏரிக்கரைப் பாதையில் அப்படியே நடந்தோம். ‘லேசி’ பாட்டின் ஆர்கன் நீண்டுகொண்டே போக, சந்தையின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து தெரிய ஆரம்பித்தன.