மீட்டர் முள்

ஜூலை 21, திங்கள்
முந்தல் வரை வண்டியின் ஆயில் பிரஷர் மீட்டரில் முள் 50 பவுண்டில் நின்றது. போடிமெட்டில் ஆள் இறக்க நிறுத்தினேன், 8. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 22
மீட்டர்தான் பொய் சொல்கிறது. போன மாதம், என்ஜினில் இருந்து பிரஷரை மீட்டருக்குக் கரண்டில் சொல்லும் சென்டரை மாற்றியபோது அதன் மரையில் வெள்ளை டேப் சுற்றினார்கள். சென்டருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்க வேண்டும். டேப் சுற்றினால் எப்படிக் கிடைக்கும்? மூன்று பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

ஜூலை 23
டேப்பை எடுத்தாயிற்று. 8தான்.

ஜூலை 25
மெக்கானிக் அண்ணன் தன்னுடைய கை மீட்டரைக் கொண்டுவந்தார். வயர் இல்லை, கரண்ட் இல்லை. மெல்லிய செம்புக் குழாயில் ஆயிலே மீட்டருக்கு ஏறி வரும். சென்டரைக் கழற்றி அந்த ஓட்டையில் மாட்டினோம். பச்சை என்ஜினில், அதாவது சூடேறும் முன், 55. குரங்கணி ரோட்டில் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு வந்து ஸ்லோவில் விட்டால் 7. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, காதைச் சாய்த்து, "2000 இருக்கும்" என்றார். வண்டியில் சுற்று மீட்டர் கிடையாது, அவர் காதுதான். அப்போது 14. ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்பது பட்டறைக் கணக்கு. 20 வந்திருக்க வேண்டும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான்கு நாளாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா சாவி போடும் முன் அந்தக் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டுவார்.

ஜூலை 26
மச்சான் போன். "20டபிள்யூ50 கெட்டி ஆயில ஊத்துங்க மாப்ள, முள் தானா ஏறிரும். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டிய வாங்க அவர் வர்றாருல்ல."

ஏறும். அதுதான் பிரச்சினை. பம்பு ஆயிலைத் தள்ள மட்டும்தான் செய்யும். பேரிங் இடைவெளி அதைத் தடுப்பதால்தான் பிரஷர் நிற்கிறது. வாய்க்கால் கரையில் நாலு இடத்தில் உடைப்பு இருந்தால் மோட்டார் எவ்வளவு இறைத்தாலும் கடைசி வயலுக்கு என்ன போகும்? கெட்டி ஆயில் உடைப்பை அடைக்காது, மெதுவாக ஒழுகும், அவ்வளவுதான். வாங்குகிறவர் அதை நம்பி மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றுவார். 17 கொண்டை ஊசி வளைவு.

விளக்கு எரிந்தால் நிறுத்திவிடுவார் என்று மச்சான் சொல்கிறார். விளக்கு 5, 6 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் எரியும். அதற்குள் பேரிங் பாதி தின்றிருக்கும்.

கெட்டி ஆயில் விலை விசாரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 28
டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருக்கிறது! நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. மோந்து பார்த்தேன், டீசல் வாடை. டீசல் இறைக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்து டீசல் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயில் ரசம் மாதிரி ஓடினால் பிரஷர் எங்கிருந்து வரும்? டயஃப்ரம் மாற்றி, பழைய 15டபிள்யூ40-யையே புதிதாக ஊற்றினோம். சூட்டில் 12. இரவு பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஜூலை 29
12.

ஜூலை 30
மெட்டுக்கு ஏறிப் பார்த்தேன். சாரல், நல்ல குளிர், இருந்தும் 9. ஏன்தான் ஏறினேனோ.

ஆகஸ்ட் 1
என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரை இறக்கினோம். பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வில் குறையில்லை. ஸ்பிரிங் நேராக இருந்தது, பந்தில் கீறல் இல்லை. பச்சையில் 55 காட்டியபோதே அண்ணன் இதைச் சொல்லிவிட்டார். ஸ்ட்ரெய்னரில் கொஞ்சம் பேஸ்ட் துணுக்கு. மூன்றாவது பிக் எண்டை, கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனையை, கழற்றியதும் அவர் பேசவில்லை. பேரிங்கைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். சாம்பல் பூச்சு போய் நடுவில் செம்பு தெரிந்தது. நகத்தால் தடவினேன், தட்டுப்பட்டது.

அம்மா கேட்டதற்கு "சின்ன வேலை" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
வாங்குகிறவர் காலை 7 மணிக்கே வந்துவிட்டார், பையனையும் கூட்டிக்கொண்டு. மச்சான் என்னை முறைத்தார். நான் பேரிங்கை எடுத்து அவரிடம் நீட்டினேன். பையன் எட்டிப் பார்த்து, "தங்கமா?" என்றான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 5
என்ஜினை இறக்கிவிட்டோம். கிராங்க் தேனி லேத்தில். தேய்ந்ததைக் கடைந்து எடுப்பது 10 தவ்வில் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) நிற்குமா, 20-க்குப் போக வேண்டுமா என்று நாளை அளந்து சொல்வார்கள்.

ஆகஸ்ட் 6
லேத்தில் கரண்ட் இல்லையாம்.