பொலோன்யாவில் என் பெட்டிக்குப் பொறுப்பு யார்?

இத்தாலியின் பொலோன்யாவில் அறையைக் காலி செய்த பின் மாலை ரயில்வரை பெட்டியைப் பார்த்துக்கொள்ள விடுதியில் எட்டு யூரோ கேட்டார்கள். கொடுத்துத் தொலைக்கலாம் என்று நிமிர்ந்தால், மேசைக்கு மேலேயே ஓர் அட்டை: 'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.' காசும் வாங்குவார்களாம், பொறுப்பும் ஏற்கமாட்டார்களாம்!

அதுவும் எந்த ஊரில்? ரோமானியச் சட்டத்தைத் தூசி தட்டி ஐரோப்பா முழுவதற்கும் பாடம் சொன்ன ஊரில். பண்டைய ரோமில் பிரேட்டர் என்ற நீதி அதிகாரியின் ஆணை ஒன்று உண்டு. கப்பல்காரர், சத்திரக்காரர், லாயக்காரர் மூவரும் வாங்கி வைத்த பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். இந்த ஆணை இல்லாவிட்டால் இவர்கள் திருடர்களோடு கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள் என்று சட்ட அறிஞர் உல்பியன் பச்சையாகவே எழுதியிருக்கிறார். கப்பல் உடைந்தாலோ கடற்கொள்ளையர் தாக்கினாலோதான் தப்பிக்க முடியும். ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் 533இல் வெளியிட்ட 'டைஜஸ்ட்' என்ற சட்டத் தொகுப்பில் இது இருக்கிறது. டச்சுக்காரர்கள் வழியாக இலங்கைவரை போன மரபு இது. இத்தாலியின் 1942 சிவில் சட்டமும் இதையே சொல்கிறது: அறையில் வைத்த பொருளுக்கு ஒருநாள் வாடகையின் நூறு மடங்குவரை விடுதி பொறுப்பு, காவலுக்கு ஒப்படைத்ததற்கு உச்சவரம்பே கிடையாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முன்னறிவிப்புகள் செல்லாது. ஆக, அது வெறும் அட்டை. எட்டு யூரோ மட்டும் நிஜம்.

அந்தக் கோபத்தோடு சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு நடந்தேன். பின்புறத்தில், பஸ் ஓடும் சாலையோரமாக, தூண்களின் மேல் பச்சை ஓடு வேய்ந்த கூம்புக் கூரையுடன் நிற்கிறது அக்கூர்சியஸின் கல்லறை. 13ஆம் நூற்றாண்டுச் சட்டப் பேராசிரியர். ஜஸ்டீனியன் தொகுப்புக்குத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்கக் குறிப்புகளைத் திரட்டியவர். ஒரு வாத்தியாருக்கு இவ்வளவு பெரிய கல்லறையா என்று அண்ணாந்து பார்த்தேன். பார்க்கக் கட்டணம் கிடையாது என்பதால் இன்னும் பிடித்துப்போனது. அன்றைய மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். சம்பளம் கொடுத்தது அவர்கள்தான், வகுப்புக்குத் தாமதமாக வந்த பேராசிரியருக்கு அபராதமும் போட்டார்கள்.

ஆர்க்கிஜின்னாசியோ கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். 1563இல் பல்கலைக்கழகத்துக்காகத் திறந்தது. சுவர் தெரியாத அளவுக்கு மாணவர்களின் குலச் சின்னங்கள்.

சாப்பாடு? இறைச்சிக் குழம்பில் புரட்டிய தாலியாதெல்லே பிரமாதம். அகலமான முட்டை நூடுல்ஸ், குழம்பு ஒவ்வொரு இழையிலும் ஒட்டியிருந்தது. ஆனால் பில்லில் 'கொபெர்தோ' என்று தலைக்கு மூன்று யூரோ தனியாக ஏற்றியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததற்குத்தான்! உட்காரும் முன் மெனு அட்டையின் அடிவரியைப் படித்துவிடுங்கள். அந்தக் கட்டணம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும்.